ஸ்லீப்பிலிருந்து எழாத டெஸ்க்டாப்

கேள்வி: விண்டோஸ் 11 போட்ட என் டெஸ்க்டாப் ஸ்லீப்புக்குப் போனால் எழுவதில்லை. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. செலவு செய்ய அவசரப்படாதீர்கள். அடுத்த முறை அப்படி நின்றால், ஒரு நிமிடம் பொறுத்து கீபோர்டில் நம் லாக் (Num Lock) விசையைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது, படம்தான் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை வந்துவிட்டால் கோளாறு அந்த டிரைவரில்தான். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்கிப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்கே திரும்பிவிடலாம்.

விளக்கு மாறவே இல்லையா? அப்படியானால் கணினியே விழிக்கவில்லை; ராமையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்த எல்லாமே ராமில் நிற்கின்றன. அந்த ராமை உயிரோடு வைத்திருப்பது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம். ராமை எக்ஸ்எம்பி (XMP) என்ற கூடுதல் வேக அமைப்பில் ஓட்டினால் சில மதர்போர்டுகள் எழும்போது தடுமாறும். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் போடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால், தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகே புதிது வாங்குங்கள்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் சேமிக்காத வேலை போய்விடும். சரியாகும்வரை ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் பயன்படுத்துங்கள். அது ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் அணையும்.