மெதுவாக ஓடுகிறவரின் வேகம்

ஆய்க்குடி,
பங்குனி மாதம்.

அன்பு மருமகளுக்கு,

 

வருகிற ஜனவரியில் நீங்கள் இருவரும் ஃப்ளோரிடா போய் டிஸ்னி வேர்ல்டில் ஓடப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கல்யாணமான பிறகு நீங்கள் இருவர் மட்டும் போகிற முதல் பயணம் அது. ஊர் சுற்றிச் சாப்பிட்டுப் படம் எடுத்துத் திரும்புவதோடு நிறுத்தாமல், சேர்ந்து ஓடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்றவனுக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்?

உன் அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. “இவ்வளவு ரூபாய் கொட்டி அங்கே போய் ஓடுவானேன், இங்கே வந்தால் அகரக்கட்டு ரோட்டில் சும்மா ஓடலாமே” என்கிறாள். பொங்கலுக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்ற வருத்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். பேரப்பிள்ளை பிறந்தால் அனுமன் நதிக்கரையில் படிப்பாயசம் செய்வதாக முருகனுக்கு நேர்ந்தும் வைத்திருக்கிறாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பேச்சையெல்லாம் நீ ஓட்டத்துக்குள் கொண்டுவராதே.

மாப்பிள்ளை டோப்பி சேலஞ்சுக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுக்கலாம் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்த வருஷம் வேண்டாம். அரை மாரத்தானுக்கு மட்டும் பெயர் கொடுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

அங்கே மாரத்தான் 1994 ஜனவரியில் தொடங்கியது. 2006இல் சனிக்கிழமை அரை மாரத்தான், ஞாயிற்றுக்கிழமை முழு மாரத்தான் என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓடுகிற கூஃபி சேலஞ்ச் வந்தது. 2014இல் வந்ததுதான் டோப்பி. வியாழன் 5 கிலோமீட்டர், வெள்ளி 10, சனி 21, ஞாயிறு 42. நாலு நாளில் மொத்தம் சுமார் 78 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் உள்ள தூரத்தையே தாண்டிவிடுகிறது. முடித்தால் ஆறு பதக்கம் கிடைக்கும். அந்த ஆறு பதக்கத்தின் மேல் மாப்பிள்ளைக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. அவர் பல வருஷமாக ஓடுகிறவர், கால் பழகியிருக்கிறது. நீ இதுவரை ஓடிய அதிகபட்ச தூரம் 10 கிலோமீட்டர். நுரையீரலும் இதயமும் சில மாதத்திலேயே தேறிவிடும். தசைநார், மூட்டு, பாதத்தின் சின்ன எலும்புகள் இவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போனவர்களுக்குத்தான் முழங்காலிலும் கணுக்காலிலும் அடி விழுகிறது. எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது காரணத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சேர்ந்து ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால், மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம். இதை வீட்டிலேயே, ஷூ மாட்டுவதற்கு முன்பே, வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிடுங்கள். பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஏழாவது மைலில் உனக்கு மூச்சு வாங்கும். அவர் நாலு அடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். உனக்காக அவர் நேரத்தை இழக்கிறார் என்று உனக்குக் குற்ற உணர்வு. நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று அவருக்குக் குழப்பம். “நீங்க போங்க” என்று நீ சொல்வாய், மனசுக்குள் அவர் போகக் கூடாது என்று இருக்கும். அவரும் போய்விடுவார். அப்புறம் அந்த விடுமுறை பூராவும் அந்த ஏழாவது மைலிலேயே நிற்கும்.

1967இல் பாஸ்டன் மாரத்தானில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? கேத்ரின் ஸ்விட்சர் என்ற இருபது வயதுப் பெண், முதலெழுத்துகளையும் குடும்பப் பெயரையும் மட்டும் போட்டுப் பதிவு செய்து, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினார். பாதையில் போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்விட்சருடைய காதலர் டாம் மில்லர்தான் அதிகாரியைத் தோளால் இடித்துத் தள்ளினார். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. அதற்கப்புறம் நடந்தது பலருக்குத் தெரியாது, ஸ்விட்சரே எழுதியிருக்கிறார். அதிகாரியை இடித்ததால் தன் விளையாட்டு வாழ்க்கையே கெட்டுவிடும் என்று மில்லருக்குக் கோபம். கோபத்தை ஸ்விட்சர் மேலேயே காட்டிவிட்டு முன்னால் ஓடிப்போனார். மாரத்தானுக்கென்று பயிற்சி செய்யாதவர், கொஞ்ச தூரத்தில் நடக்க ஆரம்பித்தார். ஸ்விட்சர் அவரைத் தாண்டிப் போய், அவருக்கு முன்பே ஓட்டத்தை முடித்தார். கடைசிவரை ஸ்விட்சர் பக்கத்திலேயே ஓடியவர் அர்னி பிரிக்ஸ் என்கிற வயதான பயிற்சியாளர். பெண்ணுக்கு இவ்வளவு தூரம் தாங்காது என்று முதலில் வாதாடியவர் அவர். பிறகு அந்தப் பெண்ணோடு ஓடிப் பார்த்துத் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டவர். பக்கத்தில் ஓடுவது என்றால் அவரைப் போல ஓட வேண்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

உன் வேகத்தில் ஓடினால் முடிக்க விடுவார்களா என்ற பயம் உனக்கு வேண்டாம். அங்கே விதி ஒரு மைலுக்கு 16 நிமிஷம், அதாவது ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம். அரை மாரத்தானுக்கு மூன்றரை மணி நேரம் கிடைக்கிறது. வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்குள் வந்துவிடலாம். கடைசியில் பலூன் கட்டிக்கொண்டு சில பெண்கள் அதே வேகத்தில் நடந்து வருவார்கள். அவர்களுக்கும் பின்னால் விழுந்தவர்களைத்தான் பஸ்ஸில் ஏற்றுவார்கள். வழியில் மிக்கி, டொனால்டு என்று வேஷம் கட்டியவர்களோடு படம் எடுக்க வரிசை நிற்கும். அந்த நிமிஷங்களும் உன் கணக்கில்தான் சேரும். எந்த இரண்டு மூன்று இடத்தில் நிற்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிற்காமல் மட்டும் ஓடிவிடாதீர்கள். எப்காட் பக்கம் கிளம்பி, மேஜிக் கிங்டம் போய், சிண்டரெல்லா கோட்டைக்குள் புகுந்து திரும்புகிற பாதை அது. கோட்டை வாசலில் இருவரும் கைகோத்து நிற்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினால், அந்த ஓட்டத்தை உங்கள் தெருவிலேயே ஓடியிருக்கலாம்.

பயிற்சிக்கு ஜெஃப் காலோவேயின் முறையை எடுத்துக்கொள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், டிஸ்னி ஓட்டங்களுக்குப் பல காலம் பயிற்சி ஆலோசகராக இருந்தவர். ஓட்டம், நடை, ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் போகச் சொன்னவர். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன்பே திட்டம் போட்டு நடப்பது வேறு. இரண்டு நிமிஷம் ஓடு, ஒரு நிமிஷம் நட. முதல் கிலோமீட்டரிலிருந்தே அப்படிச் செய்தால் கடைசி கிலோமீட்டரிலும் கால் இருக்கும். நடப்பது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வாரத்தில் மூன்று நாள் போதும். அதில் ஒரு நாள் நீண்ட தூரம், அதையும் ஒவ்வொரு வாரமும் ஏற்றாமல் நடுநடுவே குறைத்து ஏற்று. நீங்கள் இருக்கிற நியூ ஜெர்சியின் குளிரில் பழகிவிட்டு ஃப்ளோரிடா போகிறாய். அங்கே ஜனவரியில் ஒரு நாள் நடுங்கவைக்கும், மறுநாள் நம்ம ஊர் மாதிரி புழுங்கும். புழுக்கமாக இருந்தால் ஆரம்பத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். நிறையக் குடி, இன்னும் குடி என்று சொல்வார்கள். மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடம்பு எடை கூடுகிற அளவுக்குத் தண்ணீர் குடித்ததுதான் முக்கியமான காரணம். தாகத்துக்குக் குடி, உப்பும் சேர்த்துக்கொள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே, இபுப்ரோஃபென் போன்றவை நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்தைப் படுத்தும். கிளம்புவதற்கு முன்னால் இருவரும் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். மாப்பிள்ளையும்தான். அவர் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது நினைவிருக்கட்டும். நடுவில் உனக்கு ஏதாவது விசேஷம் என்றால், டாக்டர் சொல்கிறபடி நட. வீட்டில் யார் என்ன சொன்னாலும் அப்புறம்தான்.

ஓட்டம் காலை 5 மணிக்கே ஆரம்பம். அதற்கு வெகுநேரம் முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் எழுந்திருப்பது நடுச்சாமம் கழிந்த கையோடு. அதனால் முந்தின நாள் பூங்காவைச் சுற்றாதீர்கள். தீம் பார்க்கில் ஒரு நாள் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கால் நடந்துவிடும், அது உனக்கே தெரியாது. ஓட்டம் முடிந்த மறுநாள் ஆற அமரச் சுற்றுங்கள். ஓட்டத்துக்குக் கட்டிய பணத்தில் பூங்கா டிக்கெட் சேராது, அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள். புது ஷூ வேண்டாம், பழகின ஷூ. முந்தின ராத்திரி தயிர்சாதம் கிடைத்தால் அதைச் சாப்பிடு, தெரியாத பண்டம் எதையும் பரீட்சை பண்ணாதே. காத்திருக்கிற நேரத்துக்குப் பழைய ஸ்வெட்டர் ஒன்று போட்டுக்கொண்டு போ.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அமர் சேவா சங்கத்து வளாகத்துக்கு உன்னை அழைத்துப் போவேன். ராமகிருஷ்ணன் சாரை உனக்கு நினைவிருக்கும். 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனார். அப்போது அவர் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். தமக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து 1981இல் நம்ம ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. அங்கே ஒரு குழந்தை இரண்டு எட்டு எடுத்துவைக்க மாதக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை, குழந்தையின் எட்டுக்குத்தான் தம் எட்டை வைக்கிறார். பிள்ளைகளை ஓடவைப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த வளாகத்தில் கற்றுக்கொண்டது. அந்த ஊர்ப் பெண் நீ. கடைசியாக முடித்தாலும் தலை நிமிர்ந்து முடி. பதிவுக் கட்டணத்தோடு சங்கத்துக்கும் உங்கள் இருவர் பேரில் ஒரு தொகை அனுப்பினால் எனக்குச் சந்தோஷம்.

ஆடியில் சாரல் நேரத்துக்கு வருவதாகச் சொன்னீர்களே, அதை மாற்றிவிடாதீர்கள். விடியற்காலையில் சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே இருவரையும் ஓடவிட்டுப் பார்க்கிறேன். நான் டி.வி.எஸ்.ஸில் பின்னால் வருவேன். மாப்பிள்ளை உன் வேகத்தில் ஓடுகிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும். முடித்த கையோடு ஐந்தருவியில் குளிக்கலாம், கூட்டம் சேருவதற்கு முன்.

மாப்பிள்ளைக்கு முழு மாரத்தான் ஆசை அடங்காது என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் தனியாக ஓடட்டும். நீ வழியில் நின்று கைதட்டு. அதில் யாருக்கும் குறைவில்லை. இரண்டு பேரும் இரண்டு மூன்று அரை மாரத்தான் முடித்த பிறகு டோப்பியைப் பற்றிப் பேசலாம். பதிவு தொடங்கினால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், தள்ளிப்போடாதே. சனிக்கிழமை அரை மாரத்தானுக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா