நாதஸ்வரம் எத்தனை ஹெர்ட்ஸ்? ரெக்கார்ட் செய்யும் முன் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒலிப்பதிவு சாப்ட்வேரைத் திறந்தால் "சாம்பிள் ரேட்" என்ற இடத்தில் 8000, 16000, 44100 என்று எண்கள் இருப்பதைப் பார்க்கலாம். 2017-ல் நான் 8000-ஐத் தேர்வு செய்தேன். பைல் சிறியதாக இருக்குமே என்ற ஆசைதான். வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக் கல்யாணம். மாமா முக்கால் மணி நேரம் நாதஸ்வரம் வாசித்தார். பிறகு லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது, "என்ன மாப்ளே, என் வாத்தியம் போனுக்குள்ள இருந்து கத்துற மாதிரி இருக்கு?" என்றார். டெக்னிக்கலாகவும் அது சரி. பழைய டெலிபோன் இணைப்புகள் டிஜிட்டலானபோது இதே 8000 கணக்கில்தான் குரலை அனுப்பின.

ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதே ஹெர்ட்ஸ். நம் ஊரில் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிப் பாருங்கள். 1 கட்டை சுமார் 262 ஹெர்ட்ஸ், 2 கட்டை 294, 4 கட்டை 349. ஒரு ஸ்தாயி மேலே போனால் எண் இரட்டிப்பாகும்.

நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, சுருதி அதிகம். பாரி நீளமானது, 2 அல்லது 2½ கட்டையில் கம்பீரமாக ஒலிக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பிரபலமாக்கியது இதைத்தான். ஆச்சா மரத்தில் இதைக் கடையும் நரசிங்கம்பேட்டைக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, வயலினின் மிகக் கீழான தந்தி மேற்கத்திய முறையில் 196 ஹெர்ட்ஸ். பியானோவின் 88 கட்டைகள் 27.5-ல் தொடங்கி 4186 வரை போகும்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். 8000 சாம்பிள் என்றால் வினாடிக்கு 8000 முறை ஒலியை அளக்கிறது. ஒரு அதிர்வைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு அளவு தேவை. எனவே 4000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். 2 கட்டை நாதஸ்வரம் இரண்டு ஸ்தாயி ஏறினாலும் 1175-தானே? பிறகு ஏன் கெட்டுப்போனது?

எந்த வாத்தியமும் ஒரே ஒரு அதிர்வை மட்டும் தருவதில்லை. அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். சீவாளி வைத்து ஊதும் வாத்தியத்தில் இவை மிகப் பலமானவை. 1175-ஐ ஊதும்போது 2350, 3525, 4700, 5875 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். என் பைலில் 3525-க்கு மேல் எல்லாமே வெட்டப்பட்டுவிட்டன. சுரம் இருக்கிறது, நாதஸ்வரம் இல்லை!

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். "ஆடாசிட்டி" என்ற இலவச சாப்ட்வேரில் பைலைத் திறந்து, ஒரே சுரம் நீளமாக வரும் இடத்தை மவுஸால் தேர்வு செய்து, "அனலைஸ்" மெனுவில் "பிளாட் ஸ்பெக்ட்ரம்" கிளிக் செய்யுங்கள். வரிசையாகச் சிகரங்கள் தெரியும். என் பைலில் படம் 4000-லேயே முடிந்துவிடுகிறது. (நடுவில் கொடைக்கானல் பஸ் ஒன்றின் ஹாரனும் அழகாகத் தெரிகிறது.)

புதிதாகப் பதிவு செய்பவர்கள் ஆடியோ செட்டிங்ஸில் சாம்பிள் ரேட்டை 44100 ஆக வையுங்கள். 22050 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். மனிதக் காது கேட்பதே 20000 வரைதான். 16 பிட் மோனோவில் நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி ஆகும். 8000-ல் 1 எம்பி. அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் மிச்சப்படுத்தியது 200 எம்பி கூட இல்லை. வேவ் பைலாகவே சேமியுங்கள். விண்டோஸ் 11-ல் மைக்குக்கான "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நாதஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடலாம். மைக்கை வாத்தியத்தின் வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

பழைய 8000 பைலை இப்போது 44100-க்கு மாற்றினால் சரியாகிவிடுமா? ஆகாது. பைல் பெரிதாகும், வெட்டுப்பட்டது திரும்பாது. மாமாவுக்கு முன்பற்கள் விழுந்து ஊதுவதை நிறுத்திவிட்டார். எங்களிடம் இருப்பது அந்த ஒரே பைல்தான்.