ஜலத்திலிருந்து போரானை நீக்குதல்

வேதாகமத்தில் நாம் வாசிக்கும் அஸ்கலோனில், கடல் ஜலத்தை நன்னீராக்கும் பெரிய ஆலையொன்று 2005-ஆம் ஆண்டு தொடங்கிற்று. உப்பைத் தடுக்கும் சவ்வு போரானை எளிதில் தடுப்பதில்லை. காரம் பலகையில் நாம் தூவும் போரிக் அமிலமாகவே அது கடலில் பெரும்பாலும் மின்னேற்றமின்றி இருப்பதால் சவ்வினூடே நழுவிவிடும். அளவோ லிட்டருக்குச் சுமார் 4.5 மில்லிகிராம்தான். மனிதர் குடிக்கும் நீரில் 2.4 வரை இருக்கலாமென உலக சுகாதார ஸ்தாபனம் 2011-ல் கூறிற்று. ஆரஞ்சு மரமோ அதனினும் வெகு குறைந்த அளவிலேயே இலைநுனி கருகி வாடும். ஆகையால் அஸ்கலோனில் 0.4-க்கு மேற்படலாகாதென விதித்தனர்.

காரத்தன்மையை உயர்த்தி ஜலத்தை மீண்டும் சவ்வில் செலுத்துவது ஒரு வழி. பற்றுப்பொருளால் போரானைக் கவர்வது மற்றொன்று. சாதாரணக் கரி இதற்கு அதிகம் உதவாது. நம் ஆய்வுச்சாலையில் போரிக் அமிலத்தைச் சோடாக் காரத்தால் அளக்கையில், நிறம் மாறும் கட்டம் தெளிவாகத் தோன்றாமல் நாம் தடுமாறியதுண்டு. மானிட்டால் சேர்த்ததும் அது தெளிந்தது. மானிட்டாலில் அடுத்தடுத்துள்ள ஹைட்ராக்ஸில் தொகுதிகள் போரானை இடுக்கிபோற் பிடிப்பதே காரணம். அவ்விடுக்கியையே, குளுக்கோஸிலிருந்து பெறும் குளுக்காமின் உருவில், பிசின் மணிகளிற் பிணைத்திருக்கின்றனர். சுற்றிலும் உப்பு மிகுந்திருப்பினும் அது போரானையே நாடும்.

மணிகள் நிறைந்ததும் அமிலத்தாற் கழுவிப் போரானை இறக்கி, பின் காரத்தால் அவற்றைச் சீர்செய்யலாம். கழுவிய அமிலத்திலோ போரான் செறிந்து நிற்கும். அதைத் தோட்டத்து வாய்க்காலில் விட்டால் ஆரஞ்சு மரத்துக்குப் பழைய கதிதான்.