அயல் யந்திரத்தில் இயங்கும் சார்பு மொழி

கணிதச் சார்புகளையே அடிப்படையாகக் கொண்டு நிரல் எழுத உதவும் கணிப்பொறி மொழிகள் சார்பு மொழிகள் எனப்படும். இத்தகைய மொழியை இயற்றுவோர், அதனை இயக்கும் அமைப்பையும் புதிதாகவே படைக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. 2007-ஆம் ஆண்டு ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் என்னும் சார்பு மொழி, ஜாவா மொழிக்கென அமைந்த மெய்நிகர் யந்திரத்தின்மீது இயங்குகிறது.

இதனால் அனுகூலங்கள் பல உண்டு. உபயோகம் தீர்ந்த நினைவிடத்தைத் தானே மீட்கும் ஏற்பாடும், ஜாவாவில் எழுதப்பட்ட நிரல் தொகுதிகளும் எளிதிற் கிட்டுகின்றன. ஆயினும் அயல் யந்திரத்தின் குறைகளையும் ஏற்கவேண்டியுள்ளது. அவற்றுள் ஒன்றை ஆராய்வோம்.

1 முதல் 10,00,000 வரையுள்ள எண்களைக் கூட்டுவதாகக் கொள்வோம். கூட்டவேண்டிய எண், அதுவரை கிடைத்த தொகை ஆகிய இரண்டும் சார்புக்குத் தரப்படுகின்றன. சார்பானது எண்ணைத் தொகையுடன் கூட்டி, எண்ணில் ஒன்றைக் குறைத்து, தன்னையே மீண்டும் அழைக்கிறது. எண் 0 ஆனதும் தொகையே விடையாகும்.

ஒவ்வோர் அழைப்பின்போதும், எங்குத் திரும்பவேண்டும் என்பதைக் குறிக்கும் சீட்டு ஒன்றை யந்திரம் அடுக்கின்மேல் வைக்கிறது எனலாம். மேற்கூறிய சார்பில் அழைப்பே இறுதிச் செயல்; திரும்பி வந்து செய்யவேண்டிய வேலை எதுவுமில்லை. ஆகவே பழைய சீட்டை அகற்றிவிடலாம். 1975-இல் தோன்றிய ஸ்கீம் மொழியின் விதி இதுவே. ஜாவா யந்திரமோ சீட்டை அகற்றுவதில்லை. சீட்டுகள் குவிந்து, ஒதுக்கிய இடம் நிரம்பி, விடை வருமுன்னரே நிரல் நின்றுவிடுகிறது. கணக்கு முறையில் பிழையில்லை, இடமே போதவில்லை.

இதற்குப் பரிகாரமாகக் குளோஜரில் ‘ரிகர்’ என்னும் தனிச்சொல் உளது. சார்பின் பெயருக்குப் பதிலாக இதனை எழுதினால், தொகுப்பி அதை அழைப்பாக்காது, தொடக்கத்திற்குத் தாவும் கட்டளையாக மாற்றுகிறது. சீட்டுகள் சேர்வதில்லை, 50,000 கோடியே 5 லட்சம் என்னும் விடை கிடைக்கிறது. இறுதியல்லாத இடத்தில் இச்சொல்லை எழுதினால் தொகுப்பி ஏற்க மறுக்கும். இரு சார்புகள் ஒன்றையொன்று மாறி மாறி அழைப்பின் இச்சொல் பயன்படாது; அதற்கு ‘டிராம்போலின்’ என்னும் வேறு சார்பு உண்டு.

ஆசிரியர்கள் இப்பயிற்சியை முதலில் 100 எண்களுக்கும், பின்னர் 10,00,000 எண்களுக்கும் செய்துகாட்டுக. சிறு தொகுதியில் சரியான விடை தந்த நிரல், களப் பதிவுகள் பெருகியதும் முறியக்கூடும். மொழியைக் கற்பதுடன் அதனைத் தாங்கும் யந்திரத்தின் இயல்பையும் அறிதல் இன்றியமையாதது.