நேர்முகத் தேர்வில் காலம் தப்பாமல் பேச

மெர்லிமாவிலிருந்து ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், ஆங்கில வினைச்சொல்லை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலாயில் முடிந்ததைச் சொல்ல 'சுடா' சேர்த்தால் போதும், வினை மாறாது. அந்தப் பழக்கத்தில் 'ஐ வொர்க் தேர் ஆல்ரெடி' என்று வந்துவிடும். விட்டுவந்த வேலைக்கு 'ஐ வொர்க்ட் தேர்' என்பதே சரி.

2021-இல் சேர்ந்து இன்னும் அங்கேயே இருந்தால்? தமிழர் பலர் தடுமாறுவது இங்கேதான். '2021-லிருந்து வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2021' என்கிறோம். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் சின்ஸ் 2021' என்று சொல்லிப் பழகுங்கள், வாய்விட்டு. தொடங்கிய ஆண்டுக்கு 'சின்ஸ்'; எத்தனை ஆண்டு என்பதற்கு 'ஃபார்'.

அன்றாடக் கடமைக்கு 'ஐ செக் தி மெஷின்ஸ்' போதும்.