சுயதேசத்தை நாடுகிறவர்கள்

வேதபகுதி: எபிரெயர் 11:8-16

பாலக்காடு மாவட்டத்தில், ஒற்றப்பாலத்துக்கு அருகே இருக்கும் வாணியங்குளம் மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். 1893-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த வோல்பிரெக்ட் நாகல் என்ற ஜெர்மானிய மிஷனெரி, அங்கிருந்த பாசல் மிஷன் நிலையத்தின் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

பாசல் மிஷன் அந்நாட்களில் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நெசவுச்சாலைகளையும் நடத்தி, விசுவாசத்தினிமித்தம் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கொடுத்துவந்தது. அது நற்கிரியையே; அதைக் குறைவாக எண்ணலாகாது. ஆயினும் நிறுவனக் கட்டுகளுக்கு வெளியே சென்று சுவிசேஷம் சொல்லவேண்டும் என்ற பாரம் நாகலுக்குள் வளர்ந்தது. 1896-ல் அவர் மிஷனையும், அது தந்த நிச்சயமான ஆதரவையும் விட்டுக் குன்னங்குளம் பகுதிக்குப் போனார். பின்பு பிரதரன் சபைகளோடு இணைந்து ஊழியம் செய்தார்.

மலையாளத்தைக் கற்று அம்மொழியிலேயே பாடல்கள் எழுதியவர் அவர். 'சமயமாம் ரதத்தில்' என்ற பாடலை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் கேரளத்தில் அரிது. 1970-ல் வந்த 'அரநாழிகநேரம்' என்ற திரைப்படம் அதை மற்றவர்களுக்கும் பழக்கமாக்கிற்று. இன்று அது பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் பாடப்படுகிறது. ஆனால் பொருளைக் கவனித்தால், அது பயணத்தின் நடுவில் இருக்கிறவனுடைய பாட்டு என்று விளங்கும். காலம் என்னும் ரதத்தில் அவன் ஏறியிருக்கிறான். அவன் உறங்கும்போதும் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கிறது. பசிக்குக் கொஞ்சம் அப்பம், தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர், இவற்றுக்கு மேலான சுமை அந்த வழிக்கு வேண்டாம் என்கிறான். மரித்தவனோ தன் சுமையை ஏற்கெனவே இறக்கிவைத்துவிட்டான். அவனுக்கு இந்தப் புத்தி தேவையில்லை. பெட்டியைச் சூழ்ந்து நின்று பாடுகிறவர்களுக்கே அது தேவை. அவர்களில் சிலர் கல்லறையிலிருந்து திரும்பும் வழியிலேயே பாகப்பிரிவினையைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் ஆபிரகாமைக் கூடாரவாசியாகக் காட்டுகிறார். ஆபிரகாம் ஏழையல்ல. மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னும் உடைய சீமான் என்று ஆதியாகமம் 13:2 சாட்சியிடுகிறது. ஆகவே பொருளில்லாமையே பற்றின்மை என்று கொள்ளுவதற்கில்லை. பொருள் இருந்தும் அவன் அதற்கு அஸ்திபாரம் போட்டு உட்கார்ந்துவிடவில்லை. தேவன் கட்டின நகரத்துக்குக் காத்திருந்தான். வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தில் அவன் விலைகொடுத்து வாங்கிய நிலம் ஒன்றே. சாராளை அடக்கம்பண்ணுவதற்காக, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து வாங்கிய மக்பேலா நிலம் அது (ஆதியாகமம் 23).

இந்தப் பாடத்தை எங்கே, யாருக்குச் சொல்லுகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. உடுமலையிலிருந்து மறையூர் வழியாக இடுக்கி மலைகளில் ஏறினால் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்கள் வரும். தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளும் தமிழ்க் குடும்பங்கள் கம்பெனியின் லயங்களில் குடியிருக்கின்றன. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை செய்யும்வரைக்கும்தான் அந்தக் கூரை. கூடாரவாசம் என்றால் என்ன என்று அவர்களுக்கு எந்தப் பிரசங்கியும் விளக்கவேண்டியதில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டார்கள். அதற்குப் பின்பே, தப்பியிருந்தவர்களில் 8 குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் சொந்த நிலமும் வீடும் கிடைத்தன. ஆபிரகாமுக்குப்போலவே அவர்களுக்கும் ஒரு துண்டு நிலம் மரணத்தின் வழியாக வந்தது.

அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "பரலோகத்தில் வீடு உண்டு, பூமியில் ஏன் ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்பது வேதபோதனையல்ல. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவர்களை வெறும் வாழ்த்துதலோடு அனுப்பிவிடுகிறவர்களைப் பற்றி யாக்கோபு 2:15-16 சொல்லுவதை அது நினைப்பூட்டுகிறது. ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று கட்டளையிடும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, யாருக்குக் கட்டளையிடவேண்டும் என்பதையும் குறித்தே எழுதினார்: இவ்வுலகத்தில் ஐசுவரியமுள்ளவர்களுக்கு (1 தீமோத்தேயு 6:17-19). அதே மூச்சில், அவர்கள் தாராளமாய்க் கொடுக்கவும் வேண்டும் என்றார். லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் ஐசுவரியவானும் நிலம் நன்றாய் விளைந்ததற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாக்க அவன் யோசித்த யோசனையில், அவனைத் தவிர வேறொரு மனிதனுக்கு இடமே இல்லை.

நாகலின் பரலோக வாஞ்சை எவ்விதமானது என்பதை அவர் பாட்டைவிட அவர் செய்கையில் தெளிவாய்க் காணலாம். சுமை வேண்டாம் என்று பாடியவர், 1906-ல் திருச்சூருக்கு அருகே நெல்லிக்குன்னில் ஓர் அநாதை இல்லத்தைத் தொடங்கி, பெற்றோரில்லாத பிள்ளைகளின் சுமையை ஏற்றுக்கொண்டார். அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டார். ஆதியாகமம் 26-ல் ஈசாக்கின் வேலைக்காரர் வெட்டின துரவுக்காகக் கேராரின் மேய்ப்பர்கள் வாக்குவாதம்பண்ணினார்கள். ஈசாக்கு அதை விட்டான். இரண்டாவது துரவுக்கும் சண்டை வந்தது, அதையும் விட்டான். மூன்றாவதற்குச் சண்டை வரவில்லை. அதற்கே ரெகொபோத் என்ற பேர் உண்டாயிற்று. இரண்டு துரவுகளை விட்டுக்கொடுத்தவன், இனி வெட்டுவதில்லை என்று தீர்மானிக்கவில்லை என்பது இங்கே கவனிக்கவேண்டியது. பரதேசியாய் இருந்தபடியால் பிடித்துக்கொள்ளாமல் விட்டான். பரதேசிக்கும் அவன் மந்தைக்கும் தண்ணீர் வேண்டியிருந்தபடியால் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தான்.

1914-ல் நாகல் ஐரோப்பாவுக்குப் பயணமானார். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தோடு போனவரை முதல் உலகப்போர் தடுத்துவிட்டது. ஜெர்மானியருக்கு ஆங்கிலேயரின் இந்தியா அடைபட்டது. தாங்கள் விட்டுவந்த தேசத்தை நினைத்திருந்தால் திரும்பிப்போக முற்பிதாக்களுக்குச் சமயம் கிடைத்திருக்கும் என்று எபிரெயர் 11:15 சொல்லுகிறது. நாகலோ நினையாமலே தம் பிறந்த தேசத்தில் நிறுத்தப்பட்டார். அவர் பாடிய சொந்த தேசம் அது அல்ல. 1921-ல் ஜெர்மனியிலேயே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ரெகொபோத்தின் பிள்ளைகளை வேறு கரங்கள் வளர்த்தன.