பொறியாளரும் அவர்தம் கழகமும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கொடியும் கோரிக்கையும் நினைவுக்கு வரும். தமிழிலக்கிய மாணவருக்கோ மதுரையும் புலவர் பெருமக்களும் நினைவுக்கு வருவர். நான் எழுதப் புகுந்தது இவ்விரண்டும் அல்லாத வேறொரு சங்கத்தைப் பற்றி. ஒரே தொழிலைக் கற்றவர்கள் ஒன்றுகூடி, அத்தொழிலின் தரத்தைத் தாமே காத்துக்கொள்ள அமைக்கும் கழகம் அது. பொறியாளருக்குப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. ஊதியத்தை வேலை கொடுத்தவர் தருகிறார். கழகம் எதைத் தருகிறது?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த எனக்கு இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்கே அதில் பங்கு. அவர் ஊருக்குரிய வரியைக் கொடுக்க வேண்டும். கூட்டத்திற்கு வர வேண்டும். கட்டுப்பாட்டை மீறினால் தண்டம் கட்ட வேண்டும். படகும் வலையும் மட்டும் இருந்தால் போதாது, 'இவர் நம்மவர்' என்று ஊர் சொல்ல வேண்டும். பொறியாளர் கழகமும் ஏறக்குறைய இதுவே எனலாம். ஆனால் தலைக்கட்டு மணமான ஆண்களுக்கே உரியது. மீஞ்சூர் மார்க்கெட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மீன் விற்கும் என் அம்மாவுக்குத் தலைக்கட்டு கிடையாது. இதை இங்கு ஏன் சொன்னேன் என்பது பின்னர் விளங்கும்.

நம் நாட்டின் பெரிய கழகம் 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் (இந்தியா)'. 1920-இல் தோன்றி 1935-இல் அரச சாசனம் பெற்றது. தலைமையகம் கொல்கத்தாவில், தமிழ்நாட்டு மையம் சென்னைச் சேப்பாக்கத்தில். கருத்தரங்குகள் நடத்துவதும் ஆய்விதழ் வெளியிடுவதும் எல்லாக் கழகங்களும் செய்பவையே. தகுதியுடைய உறுப்பினருக்கு இது 'சார்ட்டர்ட் எஞ்சினியர்' என்ற சான்றையும் வழங்குகிறது. தனியே தொழில் நடத்துபவர் ஒரு கட்டடத்தையோ எந்திரத்தையோ மதிப்பிட்டுக் கையெழுத்திடும்போது அச்சான்றின் அருமை தெரியும்.

இனி நான் சொல்ல விரும்பும் வாழ்க்கைக்கு வருகிறேன். அ. லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். அப்போது கையில் சில மாதக் குழந்தை. அக்காலத்தில் ஒரு கைம்பெண்ணுக்கு வீட்டின் மூலைதான் விதிக்கப்பட்டிருந்தது. அவரோ 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் மாணவியானார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே பேராசிரியர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவைத் தட்டியவர் தந்தை. உள்ளே சென்று படித்துத் தேறியவர் மகள். பட்டம் பெற்ற பின் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பணியாற்றினார். லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் பட்டத்தேர்வையும் எழுதினார். 1948-இல் கல்கத்தாவில் ஏ.ஈ.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்தும் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

லண்டன் கழகம் அவரை 1953-இல் இணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. இடையே பதின்மூன்று ஆண்டுகள்! கழகம் என்பது சந்தா கட்டியதும் கதவைத் திறந்துவிடும் இடமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? கிண்டியில் தந்தையின் பெயர் துணை நின்றிருக்கலாம். லண்டனில் அப்பெயரை யார் அறிவார்? அங்கே பேசியது அவருடைய வேலைதான்.

1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. இந்தியப் பெண் பொறியாளர்களுக்கென அப்போது ஓர் அமைப்பு இல்லாமையால், லலிதா தனிப்பட்ட முறையிலேயே சென்று கலந்துகொண்டார். மறு ஆண்டு, 1919-இல் தொடங்கப்பெற்ற லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டிற்கு இந்தியாவில் அச்சங்கத்தின் சார்பாளராக இருக்க இசைந்தார். யாரும் அனுப்பாமல் தானே சென்றவர், மூன்றே ஆண்டுகளில் ஒரு சங்கத்தின் சார்பில் பேசும் இடத்துக்கு வந்துவிட்டார். என் அம்மாவின் தலைக்கட்டு நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான். 1979-இல் அவர் மறைந்தார்.

இத்தகைய கழகங்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்லூரிக்குச் செல்ல வசதியற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தேற, நம் நாட்டுக் கழகம் 1928 முதல் ஏ.எம்.ஐ.ஈ. தேர்வை நடத்தி வருகிறது. பகுதி ஏ, பகுதி பி என இரு படிகள். பல்லாண்டுகள் அது பி.இ. பட்டத்துக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சாலை விளக்கடியில் படித்துப் பொறியாளரானவர்கள் உண்டு. ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்துகொண்டவர்களுக்கே அந்த ஈடு செல்லும் என்று அரசு வரையறுத்துவிட்டது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு இது தெரியவில்லை. டிப்ளமோ படித்தவர், மீஞ்சூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை. அந்நாளுக்குச் சில ஆண்டுகள் கழித்து, வேறோர் அமைப்பின் இதே வகைத் தேர்வுக்குப் பணம் கட்டினார். இரவு வேலை முடிந்து வந்து ஈராண்டுகள் படித்தார். வேலை விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்த பிறகே, பட்டத்துக்கு ஈடு என்ற மதிப்பு அதற்கில்லை என்று அறிந்தார். பணம் வாங்கியவர்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கேட்பதற்கும் ஆள் இல்லை. நான்தான் அங்கே முதல் பட்டதாரியாகப் போகிறேன். பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டின்போதே தெரிந்துவிடும் செய்தியை, எங்களைப் போன்றவர்கள் ஈராண்டு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நல்ல கழகத்தின் முதற்பயன் இதுவே என்பேன்: கேட்கத் தகுந்த மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். எனினும் சேருமுன் அதன் சான்று எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நம் துறையினருக்கும் இப்படியோர் அமைப்பு உண்டு. 1984-இல் தோன்றிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம், பி.எஸ்ஸி. மாணவர்களுக்கென்றே தேசிய அளவில் ஓர் இயற்பியல் தேர்வை நடத்துகிறது. எங்கள் வகுப்பில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் என்று விசாரித்தேன். என்னையும் சேர்த்து மூன்று பேர்.

அண்ணன் இப்போது டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் வழியில் முயல்கிறார். இம்முறை படிவத்தை நிரப்புமுன் என்னிடம் கொடுத்தனுப்பினார். எங்கள் துறைப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைக்கூட விடாமல் படித்துப் பார்த்தார்.